மூன்று மைல் தாண்டினால் வால்வைத் திறக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

படகில் உள்ள கழிப்பறையைப் பற்றி ஒரே மாதத்தில் இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ராயபுரத்திலிருந்து வந்த முதல் கடிதத்திற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் அடுத்தடுத்து வந்துவிட்டதால், இந்த இதழின் பக்கங்களை இந்த ஒரு விஷயத்திற்கே ஒதுக்கிவிட்டேன். மற்ற வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

*

கேள்வி: நானும் என் மைத்துனர்கள் இருவரும் சேர்ந்து, கேபின் வைத்த பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கியிருக்கிறோம். தொழிலுக்காக வாங்கவில்லை, விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு கடலுக்குப் போய்வரத்தான். கேபினுக்குள் கைப்பம்ப் வைத்த சிறிய கழிப்பறை இருக்கிறது. அதிலிருந்து ஒரு குழாய், வால்வு வழியாக நேரே கடலுக்குள் போகிறது. விற்றவர், "மூன்று மைல் தாண்டிவிட்டால் திறந்துவிடலாம், உலகம் முழுக்க அதுதான் சட்டம்" என்று சொன்னார். அது சரியா? (வாசகர், ராயபுரம்)

பதில்: அவர் சொன்னது பாதி விதி. மீதிப் பாதியையும் சேர்த்துப் படித்தால் பொருள் வேறாகிவிடுகிறது.

கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் பன்னாட்டு உடன்படிக்கையான மார்பாலின் நான்காம் இணைப்பு கப்பல் கழிவுநீரைப் பற்றியது; 2003 செப்டம்பர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, கழிவை அரைத்துக் கிருமிநீக்கம் செய்யும் அங்கீகரிக்கப்பட்ட கருவி உள்ள கப்பல், கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு மேல், அதாவது சுமார் 5.5 கிலோமீட்டருக்கு அப்பால், அந்த நீரை வெளியேற்றலாம். அப்படிப்பட்ட கருவி இல்லாத கப்பல் 12 கடல் மைலைத் தாண்டியாக வேண்டும். அது 22 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். அங்கும்கூடத் தொட்டியை ஒரேயடியாகக் கவிழ்த்துவிட முடியாது. கப்பல் குறைந்தது 4 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 4 கடல் மைல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, மிதமான அளவில், சிறிது சிறிதாக விட வேண்டும். உங்கள் படகில் இருப்பது வெறும் கைப்பம்ப். அது எதையும் அரைப்பதில்லை, எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. ஆகவே, 3 மைல் என்ற கணக்கு உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

அதைவிட முக்கியமானது, இந்த இணைப்பு யாருக்காக எழுதப்பட்டது என்பது. நாடு விட்டு நாடு போகும், 400 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கும், அதைவிடச் சிறியதாயினும் 15 பேருக்கு மேல் ஏற்றிச்செல்லச் சான்று பெற்ற கலங்களுக்கும் எழுதப்பட்டது. சென்னைத் துறைமுகத்துக்கு வரும் பயணக் கப்பல் அந்த விதிக்குள் வரும். மூன்று குடும்பங்கள் போய்வரும் உங்கள் ஃபைபர் படகு வராது. இதைக் கேட்டதும், "அப்படியானால் எங்களுக்கு விதியே இல்லை" என்று சிலர் மகிழ்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். பன்னாட்டு விதி விட்டுவிட்ட இடத்தில் நம் நாட்டுச் சட்டம் நிற்கிறது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மாசுபடுத்தும் பொருளைத் தெரிந்தே நீர்நிலைக்குள் விடுவதைத் தடை செய்கிறது. மாநில அரசு அறிவிக்கும் எல்லை வரை கடல்நீரும் ஓதநீரும் அந்தச் சட்டத்தின் பார்வையில் நீர்நிலைகளே. படகைக் கடலுக்குள் கொண்டுபோகாமல் எண்ணூர்க் கழிமுகத்துக்குள்ளோ, தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கும் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளோ திருப்பினால், உள்நாட்டு நீர்வழிக் கலங்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். கலங்களால் வரும் மாசைத் தடுப்பதற்கென்றே அதில் தனி அத்தியாயம் உள்ளது. கழிவைக் கரையில் வாங்கிக்கொள்ளும் வசதிகளைப் பற்றியும் அது பேசுகிறது. இவை தவிர, படகைக் கட்டிவைக்கும் துறைமுகத்தின் சொந்த விதிகளும் உண்டு.

சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். குளிப்பதற்கும் நீர் விளையாட்டுக்கும் ஏற்ற கடல்நீரில், மலத்திலிருந்து வரும் கோலிஃபார்ம் கிருமிகள் 100 மில்லிலிட்டருக்கு 100-க்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல் சொல்கிறது. ஒரு கிராம் மலத்தில் இக்கிருமிகள் ஒரு கோடி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒருமுறை கழிக்கும் 100 கிராமை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 10 லட்சம் லிட்டர் சுத்தமான நீர் வேண்டும். ஆழ்கடலில் அந்த நீர் கிடைக்கும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவர்களுக்குள் படகோடு படகு உரச நிற்கும் இடத்தில் கிடைக்காது.

ஆகவே, கடலுக்குப் போகும் அந்த வால்வை இன்றே மூடி, அதன் கைப்பிடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்; கழிவைப் படகிலேயே ஒரு தொட்டியில் சேர்த்துவையுங்கள். பிள்ளைகள் யாரும் தெரியாமல் திறந்துவிட முடியாது. இதில் உங்கள் உயிருக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கழிப்பறைக் கிண்ணம் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து, குழாயில் காற்று நுழையும் வளைவும் வைக்கப்படாமல் இருந்தால், கடல்நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு, கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கிவிடக்கூடும்.

*

கேள்வி: சரி, தொட்டி வைக்கிறோம். எவ்வளவு பெரிய தொட்டி? நிறைந்ததும் எங்கே கொண்டுபோய்க் காலிசெய்வது? (அதே வாசகரின் இரண்டாம் கடிதம்)

பதில்: முதல் கேள்விக்குப் பதில் எளிது. ஆறு பேர் ஆறு மணி நேரம் கடலில் இருக்கிறார்கள். ஒருவருக்கு மூன்று முறை, ஒரு முறைக்குக் கழுவும் நீரும் சேர்த்து இரண்டரை லிட்டர் என்றால் 45 லிட்டர் ஆகிறது. 80 லிட்டர்த் தொட்டி போதும். இரண்டு நாள் தேவையை நினைத்து 200 லிட்டர் வைத்துவிடாதீர்கள். நிறைந்த 80 லிட்டர்த் தொட்டியே ஒரு பெரிய ஆள் எடைக்கு மேல் இருக்கும்; அரைகுறையாக நிறைந்த பெரிய தொட்டியில் நீர் அலைமோதி, படகு சாயும் பக்கமே ஓடி அதை மேலும் சாய்க்கும். தொட்டி படகின் நடுக்கோட்டில், தாழ்வாக, உள்ளே தடுப்புத் தகடுகளோடு இருக்கட்டும். கனத்த பாலிஎத்திலீன் நல்லது. சிறுநீரும் உப்புநீரும் சேர்ந்தால் துருப்பிடிக்காத எஃகின் வெல்டிங் ஓரங்களைக்கூட அரித்துவிடும்.

இரண்டாம் கேள்விதான் கடினமானது. வெளிநாட்டுப் படகுத்துறைகளில் பெட்ரோல் பம்ப் போல ஓர் இயந்திரம் நிற்கும். படகை ஓரங்கட்டி, மேல்தளத்தில் இருக்கும் 38 மில்லிமீட்டர் வாய்மூடியைத் திறந்து, இயந்திரத்தின் ஹோஸை அதில் திருகினால், உறிஞ்சும் பம்ப் ஐந்து நிமிடங்களில் தொட்டியைக் காலிசெய்துவிடும். ஹோஸின் நுனியில் கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். அதில் தெளிந்த நீர் ஓடும் வரை நல்ல தண்ணீர் ஊற்றி அலசுவார்கள். சிறு படகுகளின் கழிப்பறைத் தொட்டிக்கென்று அப்படி ஓர் இயந்திரத்தை நான் காசிமேட்டில் பார்த்ததில்லை. சென்னைத் துறைமுகத்துக்குள் 1911 முதல் இயங்கிவரும் பாய்மரப் படகுச் சங்கத்தை எண்ணி, "அங்கே இருக்குமே" என்று கேட்பவர்கள் உண்டு; அங்கே பெரும்பாலும் ஓடுபவை கழிப்பறையே இல்லாத சிறு பாய்ப்படகுகள்.

ஆகவே, இங்கே நடைமுறைக்கு ஒத்த வழி கழிவுநீர் லாரிதான். வீட்டு செப்டிக் டேங்குக்கு வரும் அதே லாரி. அதன் உறிஞ்சும் திறன் உங்களுக்குத் தாராளம். காற்றழுத்தத்தால் நீரை மேலே உறிஞ்சும் உயரம் ஏட்டளவில் 10 மீட்டர், நடைமுறையில் ஆறேழு மீட்டர். சென்னையில் ஓதத்தின் ஏற்றவற்றமே சுமார் ஒரு மீட்டர்தான் என்பதால், நீர் வற்றிய நேரத்தில்கூடப் படகுத் தளம் மேடைக்கு வெகு கீழே போய்விடாது. ஹோஸ் எட்டும் தூரத்தில் படகைக் கட்ட முடியுமா, அந்த மேடையில் லாரி நிற்கத் துறைமுகத்தார் அனுமதிப்பார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். விடியற்காலை மீன் ஏலம் நடக்கும் நேரத்தை மனத்தாலும் நினைக்காதீர்கள்.

இங்கே நான் கண்ணால் கண்ட ஒரு விபத்தைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் நண்பர் ஒருவர் இப்படித்தான் லாரியை வரவழைத்தார். லாரியின் ஹோஸ் நான்கு அங்குலம். படகின் வாய் ஒன்றரை அங்குலம். கப்ளிங் எதுவும் கைவசம் இல்லை. லாரியோடு வந்த தம்பி ஈரச் சாக்கைச் சுற்றி ஹோஸை வாயின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "போடுண்ணா" என்று குரல் கொடுத்தார். பம்ப் ஓடியது, ஹோஸ் ஒருமுறை துள்ளியது, பிறகு கேபினுக்குள்ளிருந்து, யாரோ தகர டின்னை மிதித்ததுபோல ஒரு சத்தம். உள்ளே போய்ப் பார்த்தால், தொட்டியின் இரண்டு பக்கச் சுவர்களும் உள்வாங்கி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஓரத் தையல் பிளந்து, மிச்சமிருந்ததெல்லாம் படகின் அடிப்பள்ளத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழுவி முடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. வாடை போக ஒரு மாதம்.

காரணம், அந்தத் தொட்டியின் காற்றுக்குழாய். முந்தைய ஆண்டு படகுக்கு வண்ணம் பூசியவர், வெளிப்புறத்தில் இருந்த அந்தச் சிறு துளையையும் சேர்த்துப் பூசி அடைத்துவிட்டார். நீர் வெளியேறும் வேகத்துக்குக் காற்று உள்ளே வர வழியில்லாமல் போயிற்று. பாதி வெற்றிடம் உண்டானாலே ஒரு சதுர மீட்டர்ச் சுவரின்மேல் ஐந்து டன் அழுத்தம் விழும். 60 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பக்கத்துக்கு அதுவே ஒரு டன்னுக்கு மேல். எந்த பிளாஸ்டிக் அதைத் தாங்கும்? ஆகவே காற்றுக்குழாயைப் பெருவிரல் பருமனுக்குக் குறையாமல் வையுங்கள். லாரி வருவதற்கு முன் அதில் வாயை வைத்து ஊதிப் பார்க்கச் சொல்ல மாட்டேன். ஒரு சைக்கிள் பம்ப் போதும். நான்கு அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குக் குறைக்கும் கப்ளிங்கை முன்பே செய்துவாங்கிப் படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; இடையில் ஒரு கேட் வால்வும் இருந்தால் உறிஞ்சலைக் கூட்டிக் குறைக்கலாம்.

லாரி உரிமம் பெற்றதா என்று பார்ப்பதும் உங்கள் பொறுப்பே. படகிலிருந்து எடுத்ததைக் கொடுங்கையூர்க் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் போன்ற அனுமதிக்கப்பட்ட இடத்தில் கொட்டாமல், அடுத்த திருப்பத்தில் கால்வாய்க்குள் விட்டுவிட்டால், பணம் கொடுத்து அதே கடலை மாசுபடுத்தியவர் ஆவீர்கள். இன்னொன்று: தொட்டி அடைத்துக்கொண்டால் யாரையும் கேபின் அடியில் தலையை நுழைத்துக் கையால் அள்ளச் சொல்லாதீர்கள். மூடிய இடத்தில் தேங்கிய கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றத்தோடு தொடங்கும். அளவு கூடினால் நாற்றமே தெரியாமல் மூக்கை மரக்கச் செய்து ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பது இதனால்தான். படகில் இருப்பது சின்னத் தொட்டி என்பதால் வாயு சின்னதாகிவிடாது.

*

கேள்வி: இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? நகரத்துக் கழிவுநீர் கால்வாய் வழியாகவும் கொசஸ்தலையாறு வழியாகவும் எங்கள் கழிமுகத்துக்குத்தான் வருகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் வந்தது, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. இதில் ஒரு படகுக்காரர் மூன்று லிட்டர் விட்டால் என்ன கெட்டுவிடும்? (வாசகர், எண்ணூர்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அளவை வைத்துப் பார்த்தால் நகரத்துச் சாக்கடைக்கு முன் படகுக் கழிவு ஒரு பொருட்டே இல்லை. அதை மறைத்து எழுதினால் நீங்கள் இந்தப் பக்கத்தை நம்ப மாட்டீர்கள்.

ஆனாலும் இரண்டு காரணங்களால் உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. முதலாவது, இடம். சாக்கடை எந்த வாயில் வந்து விழுகிறது என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர் அந்த இடத்தைத் தவிர்த்துவிடுகிறார். படகோ, நீர் தெளிவாக இருக்கிறது என்று நினைத்து மற்றவர் இறங்கும் இடத்திலேயே போய் நிற்கிறது. உல்லாசப் படகுக்காரர் நங்கூரம் போட விரும்புவதும் அலையில்லாத, ஆழம் குறைந்த, ஒதுக்கமான நீரில்தான். மட்டி எடுப்பவரும் கையால் இறால் பிடிப்பவரும் இடுப்பளவு நீரில் இறங்குவதும் அதே இடத்தில்தான். மட்டியும் ஆளியும் நாள் முழுவதும் லிட்டர் லிட்டராக நீரை இழுத்து வடிகட்டித் தின்பவை. நீரில் நாளைக்கு இல்லாமல் போய்விடக்கூடிய கிருமி, அவற்றின் உடலுக்குள் சேர்ந்து தங்கிவிடுகிறது. மஞ்சள் காமாலையின் ஒரு வகையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் அரைவேக்காட்டு மட்டி வழியாக மனிதருக்குத் திரும்பி வந்ததை மருத்துவ உலகம் பலமுறை கண்டிருக்கிறது.

இரண்டாவது, முகத்துவாரம். மணல் சேர்ந்து வாய் குறுகும் மாதங்களில் கழிமுகத்து நீர் கடலோடு சரியாக மாறுவதில்லை. உள்ளே விட்டது உள்ளேயே சுற்றும். திறந்த கடலிலும் நம் கரைக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1876-இல் தொடங்கிக் கட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களுக்குத் தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்துப்போனதும், ஆண்டின் பெரும்பகுதி கரையோர மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வதால்தான். மணலைத் தள்ளும் அந்த ஓட்டம் கழிவை விட்டுவிட்டுப் போகுமா? காசிமேட்டுக்கு வெளியே திறந்த வால்வின் பலன், வாடைக் காற்று மாதங்கள் நீங்கலாக, உங்கள் ஊர்ப் பக்கமே வருகிறது. எண்ணெயாவது கையில் ஒட்டுகிறது, கறுப்பாகத் தெரிகிறது, படம் எடுத்துப் போட முடிகிறது. கழிவிலிருந்து வரும் கிருமி கண்ணுக்குத் தெரியாது.

*

கேள்வி: என் மகன் ஸ்வீடனில் வேலை பார்க்கிறான். அங்கே சிறு படகுக்காரர்கள்கூட ஒரு சொட்டு விடக்கூடாதாம். உண்மையா? அமெரிக்காவில் எப்படி? (வாசகி, மணலி)

பதில்: உண்மைதான், அம்மா. 2015 ஏப்ரல் 1 முதல் ஸ்வீடனில் உல்லாசப் படகுகள் கழிப்பறைக் கழிவை நாட்டின் கடற்பகுதியிலோ ஏரிகளிலோ விடுவதற்குத் தடை இருக்கிறது. பால்டிக் கடல் ஏறத்தாழ மூடிய கிண்ணம் போன்றது. அதன் நீர் மாற வெகுகாலம் ஆவதால் அவர்களுக்கு வேறு வழியில்லை. தடையோடு சேர்த்து, கழிவை வாங்கிக்கொள்ளும் கடமையைப் படகுத்துறைகளின் தலையிலும் வைத்தார்கள்.

அமெரிக்க ஏற்பாட்டில் நான் மெச்சுவது பணம் வந்த வழியை. அங்கே கழிப்பறை பொருத்திய படகில் அங்கீகரிக்கப்பட்ட கருவி இருக்க வேண்டும் என்ற விதி முன்பே இருந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை விடக்கூடாது. சில நீர்ப்பகுதிகளில் சுத்திகரித்ததைக்கூட விடக்கூடாது. கடலுக்குப் போகும் வால்வைப் பூட்டியோ, கைப்பிடியைக் கழற்றியோ, அறுத்தால்தான் கழலும் கட்டுப்போட்டோ வைக்க வேண்டும். எல்லாம் இருந்தும், தொட்டி நிறைந்தவர் போவதற்கு இடமில்லை. 1992-இல் கொண்டுவந்த தூய்மைக் கலங்கள் சட்டம்தான், கழிவை உறிஞ்சும் நிலையங்கள் அமைக்கச் செலவில் முக்கால் பங்கு வரை மாநிலங்களுக்கு மத்திய அரசின் மானியமாகக் கிடைக்கச் செய்தது. அந்தப் பணம், தூண்டில் சாமான்களுக்கும் படகு எரிபொருளுக்கும் படகுக்காரர்களே செலுத்தும் வரியிலிருந்து வருகிறது. நம் கேரளத்து வேம்பநாட்டுக் காயலிலும் படகுவீடுகள் பெருகிய பிறகு எழுந்தது இதே சிக்கல்தான்: தொட்டி படகில் இருக்கிறது, வாங்கிக்கொள்ளக் கரை வேண்டும். காசிமேட்டில் ஒரு மேடை ஓரத்தில் ஒரு பம்பும், பாதாளச் சாக்கடைக்கு ஓர் இணைப்பும் வைக்க ஆகும் செலவு, ஒரு விசைப்படகின் விலையோடு ஒப்பிட்டால் அற்பம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

*

கேள்வி: உல்லாசப் படகுக்காரருக்கு இவ்வளவு சொல்கிறீர்கள். பத்து நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகும் விசைப்படகுகளில் எங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டதுண்டா? (வாசகர், காசிமேடு)

பதில்: கேட்டிருக்கிறேன். பல படகுகளில் கழிப்பறை என்று ஒன்றே இல்லை. படகின் பின்முனையான கடையாலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. இரவில், காற்றடிக்கும்போது, அப்படி உட்காருவது உயிரைப் பணயம் வைப்பது. கரையிலிருந்து வெகு தொலைவில், ஓடும் படகிலிருந்து விழுவதால் கடலுக்கு வரும் தீங்கை நான் பெரிதாக எண்ணவில்லை. அங்கே முதலில் வேண்டியது உங்கள் ஆட்களுக்குக் கதவு வைத்த ஓர் இடமும் கைப்பிடியும். துறைமுகத்துக்குள் நுழைந்த பிறகு, படகு வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் நடப்பதுதான் வேறு கதை. அதற்குப் படகில் தொட்டி வைப்பதைவிட, மீன் இறங்கும் மேடைக்கு அருகே இரவும் பகலும் தண்ணீரோடு திறந்திருக்கும் கழிப்பறைகளே தீர்வு. ஏலத்துக்கு விடியுமுன் வந்து உட்காரும் பெண்களுக்கும் அவை வேண்டும்.

*

கேள்வி: தூக்கிச்செல்லும் 20 லிட்டர்ப் பெட்டிக் கழிப்பறை வைத்திருக்கிறோம். அதில் ஊற்றும் நீல மருந்தோடு சேர்த்து எங்கள் குடியிருப்பின் செப்டிக் டேங்கில் கொட்டலாமா? (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: மருந்துப் புட்டியின் ஒட்டுத்தாளைப் பாருங்கள். ஃபார்மால்டிஹைடு என்று இருந்தால் கொட்டாதீர்கள். செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவையே அது கொன்றுவிடும். என்சைம் வகையானால், பாதாளச் சாக்கடை இணைப்புள்ள கழிப்பறையில் மெதுவாக ஊற்றி, இரண்டு வாளித் தண்ணீர் விடுங்கள். பெட்டி 20 லிட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். நிறைந்தால் 20 கிலோவுக்கு மேல் கனக்கும், மாடிப்படியில் ஒருவராகத் தூக்காதீர்கள்.